மனநல நிபுணர் தேர்தலில் நிற்பதா? நான்கு வழிகளும் அவை கேட்கும் விலையும்

மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், கவுன்சலர், மனநலச் சமூகப்பணியாளர் என இந்தத் துறையில் இருக்கும் ஒருவர் தேர்தலில் நிற்கலாமா என்று யோசிக்கத் தொடங்கினால் முதலில் எழும் கேள்வி "ஜெயிக்க முடியுமா?" என்பதுதான். அது கடைசியில் வரவேண்டிய கேள்வி. வாக்காளர் பட்டியலைப் புரட்டுவதற்கு முன்னால் உங்கள் அப்பாயின்ட்மென்ட் நோட்டைப் புரட்டுங்கள். அதில் பெயர் இருக்கும் யாரும் ஒரு வேட்பாளரிடம் சிகிச்சைக்கு வரவில்லை. மனத்தைத் திறந்து பேச, அரசியல் நுழையாத ஓர் அறை கிடைக்கும் என்று நம்பி வந்தவர்கள் அவர்கள். நீங்கள் எந்தத் தேர்தலில், எப்போது, எப்படி நிற்கலாம் என்பதைப் பெரும்பாலும் அந்த நோட்டுதான் தீர்மானிக்கிறது.

இந்தத் துறையிலிருந்து அரசியலுக்கு ஆட்கள் வரவேண்டும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. மனநல நிதி, மருத்துவமனையில் கட்டாயமாகச் சேர்ப்பது, சிறையில் மனநோயாளிகளின் நிலை, பள்ளிகளில் ஆலோசகர் நியமனம் என முடிவுகள் எடுக்கப்படும் மேசையில் நேரடி அனுபவம் உள்ளவர்கள் குறைவு. எந்த வழியில் வருவது என்பதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள்.

## முதலில் அளவுகோல்கள்

ஆறு விஷயங்களை வைத்துப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது. முதல் இரண்டும் மற்ற நான்கையும் விடக் கனமானவை.

சிகிச்சையில் இருப்பவர்கள். நோட்டில் உள்ள பெயர்களை மூன்றாகப் பிரியுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் இயல்பாகவே முடியப்போகும் சிகிச்சைகள் ஒரு பிரிவு. வேறொருவரிடம் அதிகச் சிரமமில்லாமல் மாற்றக்கூடியவர்கள் அடுத்த பிரிவு. முடிவை நிர்ணயிப்பது மூன்றாவது பிரிவுதான்: சமீபத்தில் தற்கொலைக்கு முயன்றவர்கள், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிச் சில வாரங்களே ஆனவர்கள், தன்னை எல்லோரும் விட்டுப் போய்விடுகிறார்கள் என்ற காயத்தோடு உங்களிடம் வந்தவர்கள், இரத்தப் பரிசோதனை தவறக்கூடாத மருந்துகளில் இருப்பவர்கள்.

கடைசியில் சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். தீவிர மனச்சிதைவுக்குத் தரும் க்ளோசபின் மருந்தைத் தொடங்கியவருக்கு முதல் 18 வாரங்கள், வாரம் ஒருமுறை இரத்த அணுக்களை எண்ணிப் பார்ப்பது பிரிட்டன் உள்ளிட்ட நாடுகளில் நடைமுறை. மாத்திரை 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவையே மறுபடி கொடுக்க முடியாது. 12.5 மில்லிகிராமிலிருந்து படிப்படியாக ஏற்றவேண்டும். இல்லையென்றால் இரத்த அழுத்தம் சட்டென்று விழலாம், வலிப்பு வரலாம். வெள்ளிக்கிழமை மருந்துச் சீட்டு தீர்ந்துபோய், மருத்துவர் வேட்புமனு வேலையில் இருந்தால், திங்கட்கிழமை அந்த நோயாளி அடியிலிருந்து தொடங்கவேண்டிய நிலைக்கு வந்துவிடுவார். மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மருந்தில் இருப்பவருக்குக் கடைசி வேளை மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்து அளவு பார்க்கவேண்டும். சிறுநீரகமும் தைராய்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பார்க்கப்படவேண்டும். அந்த ரிப்போர்ட்டை யார் படித்து, யார் நோயாளிக்குப் போன் செய்வார் என்பதற்கு ஒரு பெயர் இருக்கவேண்டும். "கிளினிக்கில் பார்த்துக்கொள்வார்கள்" என்பது ஏற்பாடு ஆகாது.

ரகசியம். பிரசாரம் என்பது முழுக்க முழுக்கப் பெயர்ப் பட்டியல்களால் நடக்கும் வேலை. சிகிச்சை என்பது பெயர்களைப் பூட்டி வைக்கும் வேலை. இரண்டும் ஒரே போனில் இருந்தால் என்ன ஆகும்? ஆதரவாளர்களுக்கு வாட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்குகிறார்கள். தொண்டர் ஒருவர் உங்கள் போனிலிருந்து எண்களை மொத்தமாகச் சேர்க்கிறார். முன்னாள் நோயாளி ஒருவரின் எண் நூறு பேர் பார்க்கும் இடத்தில் போய் நிற்கிறது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, ஆனால் மீறல் மீறல்தான். பிரசாரச் செயலிகள் சில, நிறுவியவுடனே தொடர்பு எண்களைப் படிக்க அனுமதி கேட்கும். ஆகவே தனி எண் போதாது, தனி போனே வேண்டும். கிளினிக் கணினியில் பிரசார மின்னஞ்சலைத் திறக்கவே கூடாது.

நன்கொடை இன்னொரு பொறி. கொடுத்தவர் பெயரை வெளியிடச் சொல்லும் சட்டம் பல நாடுகளில் இருக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சித் தேர்தலில் ஒரு தேர்தல் சுற்றில் 200 டாலருக்கு மேல் கொடுத்தவரின் பெயரும் தொழிலும் பொது ஆவணமாகிவிடும். நன்றியோடு ஒருவர் தரும் பணம், "இவருக்கும் இந்த டாக்டருக்கும் என்ன சம்பந்தம்?" என்று மூன்றாம் மனிதர் கேட்கக்கூடிய தடயமாகிறது. இப்போதைய நோயாளி, முன்னாள் நோயாளி, அவர்களின் குடும்பம் ஆகியோரிடமிருந்து ஒரு காசும் வாங்கக்கூடாது. அவர்கள் தாமாகவே முன்வந்தாலும் இதே விதிதான்.

எல்லாவற்றையும் விடக் கடினமானது, பதில் சொல்ல முடியாத குற்றச்சாட்டு. "இவரிடம் சிகிச்சைக்குப் போனேன், என்னை நாசமாக்கிவிட்டார்" என்று ஒருவர் பொதுவில் சொன்னால், சாதாரண வேட்பாளர் ஆதாரத்தோடு மறுப்பார். உங்களால் முடியாது. அவர் சொல்வது பொய்யாகவே இருந்தாலும், அவர் உங்கள் நோயாளியாக இருந்தாரா என்பதை உறுதிப்படுத்துவதே ரகசிய மீறல். "அப்படி ஒருவரை நான் பார்த்ததே இல்லை" என்று மறுப்பதும் ஆபத்துதான். ஒருமுறை மறுத்துவிட்டு, அடுத்த முறை மௌனமாக இருந்தால் அந்த மௌனமே ஒப்புதல் ஆகிவிடும். வாயிலிருந்து வரக்கூடியது ஒரே வாக்கியம்: "யார் என்னிடம் சிகிச்சை பெற்றார், யார் பெறவில்லை என்பதை எந்தச் சூழ்நிலையிலும் நான் சொல்வதில்லை." ஒருவர் உங்களைப் புகழ்ந்து பேசும்போதும் இதே வாக்கியம்தான். புகழ்ச்சிக்கு ஒன்று, பழிக்கு ஒன்று என்று இருந்தால் அது காப்பாற்றாது. இந்த ஒரு வாக்கியத்தோடு ஒரு வாரத் தாக்குதலைத் தாங்க முடியாது என்று தோன்றினால், கீழே சொல்லும் நான்காவது வழிதான் உங்களுக்கானது.

இரட்டை உறவு. சிகிச்சை தருபவர் அதே ஆளோடு வேறொரு உறவிலும் இருந்தால் தீர்ப்பு கெடும், அல்லது அவர் சுரண்டப்படுவார். தொண்டர், பூத் ஏஜென்ட், மேடைப் பேச்சாளர், அச்சக உரிமையாளர் என்று பிரசாரம் ஒரு நாளில் பத்துப் புது உறவுகளைக் கேட்கும். அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை, சிகிச்சையில் இருப்பவரிடம் நற்சான்று கேட்பதையே தடை செய்கிறது. "இவர் என்னைக் காப்பாற்றினார்" என்ற வீடியோ எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் அது பிரசாரத்தில் வரக்கூடாது.

பணம், பதிவு, காப்பீடு. இழக்கும் வருமானம் கண்ணுக்குத் தெரியும் செலவு. தெரியாதவை: கிளினிக் மூடிய பிறகும் ஆவணங்களைச் சட்டம் சொல்லும் காலம் வரை பாதுகாக்கும் செலவு, தொழில் பதிவை உயிரோடு வைக்கக் கட்டணமும் தொடர்கல்வி நேரமும், காப்பீட்டின் வால். உங்கள் பாலிசி, வழக்கு தொடுக்கப்படும் நாளில் அமலில் இருந்தால் மட்டுமே காக்கும் வகை என்றால், நீங்கள் நிறுத்திய பிறகு வரும் பழைய வழக்குக்குப் பாதுகாப்பு இருக்காது. தொடர் பாதுகாப்பைத் தனியாக விலை கொடுத்து வாங்கவேண்டும். வேட்பாளரான பிறகு பழைய புகார்கள் கிளம்பும் வாய்ப்பு அதிகம் என்பதால் இதை விடக்கூடாது.

கையில் வரும் அதிகாரம். நீங்கள் மாற்ற நினைப்பது எதுவோ, அது யார் கையில் இருக்கிறது? சட்டமா, பட்ஜெட்டா, ஆள் நியமனமா?

திரும்பும் வழி. பெரும்பாலான வேட்பாளர்கள் தோற்கிறார்கள். தோற்ற மறுநாள் என்ன செய்வீர்கள்?

| | தொழிலை முடித்துவிட்டுப் பெரிய தேர்தல் | பகுதிநேரச் சிகிச்சையோடு உள்ளாட்சி | தொழிலோடு பெரிய தேர்தல் | வேட்பாளராகாமல் கொள்கைப் பணி |
|---|---|---|---|---|
| நோயாளிகள் | ஒழுங்காக மாற்றினால் பாதுகாப்பு | எண்ணிக்கையைக் குறைத்தால் சமாளிக்கலாம் | மோசம் | பெரிய மாற்றம் இல்லை |
| ரகசியம் | கடந்தகாலம் மட்டும் ஆபத்தில் | தினசரி உரசல் | எல்லாப் பக்கமும் ஆபத்து | குறைந்த ஆபத்து |
| மறைசெலவு | காப்பீட்டு வால், ஆவணக் காப்பு | நேரம், உள்ளூர்ப் பகை | இரண்டும் சேர்ந்து | பேர் கிடைக்காது, பணமும் கிடைக்காது |
| அதிகாரம் | சட்டமும் நிதியும் | சேவைகள் நடக்கும் இடம் | முதலாவதைப் போல | பிறர் கை வழியாக |
| தோற்றால் | திரும்ப நாளாகும் | உடனே திரும்பலாம் | திரும்பும் இடம் சேதமாகியிருக்கும் | கேள்வியே இல்லை |

## தொழிலை முடித்துவிட்டுப் பெரிய தேர்தல்

நேர்மையான வழி, விலையும் அதிகம். சட்டமன்றம், நாடாளுமன்றம் போன்ற அளவில் நின்றால் பிரசாரம் முழுநேர வேலை. பதவியும் முழுநேர வேலை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தின் டெட் ஸ்ட்ரிக்லண்ட் சிறைச்சாலையில் பணியாற்றிய உளவியலாளர். 1976, 1978, 1980 ஆகிய மூன்று தேர்தல்களில் தோற்று, 1992இல் நாடாளுமன்றத்துக்குள் போனார். 1994இல் தோற்று, 1996இல் மீண்டும் ஜெயித்தார். 2007 முதல் 2011 வரை ஆளுநராக இருந்தார். வாஷிங்டன் மாநிலத்தின் பிரையன் பேர்ட் மருத்துவ உளவியலாளர், பேராசிரியர். 1996இல் ஆயிரத்துக்கும் குறைவான வாக்கில் தோற்று, 1998இல் ஜெயித்தார். இந்த இருவரிடமும் ஒன்றைக் கவனிக்கலாம். இருவருக்கும் தனிப்பட்ட கிளினிக்கின் நோயாளிப் பட்டியலை மட்டும் நம்பாத வேலைகள் இருந்தன. சிறைத் துறையோ பல்கலைக்கழகமோ இருந்தால் தோல்விக்குப் பிறகு திரும்ப ஓர் இடம் இருக்கும். தனிக் கிளினிக்கை நம்பி வாழ்பவருக்கு அது கிடையாது. ஒரு வருடம் வெளியே போனால் நோயாளிகளை அனுப்பிவைக்கும் மருத்துவர்கள் வேறு பெயரைப் பழகிக்கொள்வார்கள்.

இந்த வழியில் அடிக்கடி நடக்கும் தவறு, மூடுவதற்குப் போதுமான காலம் ஒதுக்காதது. கட்சி சீட்டு கடைசி வாரத்தில் உறுதியாகும். அதுவரை யாரிடமும் சொல்லவேண்டாம் என்று கட்சிக்காரர்கள் சொல்வார்கள். மூன்றாவது பிரிவில் இருக்கும் நோயாளிகளுக்குக் குறைந்தது மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம் வேண்டும். கட்சியின் நாட்காட்டியும் சிகிச்சையின் நாட்காட்டியும் மோதினால் என்ன செய்வது? தேர்தல் காரணத்தைச் சொல்லாமலே மூடலைத் தொடங்கலாம்: "இன்ன தேதியோடு நான் சிகிச்சை பார்ப்பதை நிறுத்துகிறேன்." சீட்டு கிடைக்காமல் போனால் நஷ்டம் உங்களுடையது. அந்த நஷ்டத்தை நோயாளி தலையில் கட்டுவதை விட இது மேல்.

ஜெயித்துப் போனால் ஒரு சட்டம் எவ்வளவு காலம் எடுக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு போகவேண்டும். பென்சில்வேனியாவின் டிம் மர்ஃபி உளவியலாளர், 2003 முதல் நாடாளுமன்றத்தில் இருந்தவர். தீவிர மனநோய் உள்ளவர்களின் குடும்பங்களுக்கு உதவும் மசோதாவை 2013இல் கொண்டுவந்தார். பல திருத்தங்களுக்குப் பிறகு, 2016 டிசம்பரில் வேறொரு பெரிய மருத்துவச் சட்டத்தின் பகுதியாகத்தான் அது நிறைவேறியது. குடும்பத்தினருக்குத் தகவல் தருவதற்கும் நோயாளியின் ரகசியத்துக்கும் இடையே கோடு எங்கே என்பதில் கடும் சண்டை நடந்தது. எதிர்த்தவர்களில் மனநல உரிமை அமைப்புகளும் இருந்தன. "எங்கள் ஆள் உள்ளே போனார்" என்று துறை முழுவதும் உங்கள் பின்னால் நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கட்டாயச் சிகிச்சை போன்ற விஷயத்தில் துறைக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு.

எப்போது இது சரியான தேர்வு: நீங்கள் மாற்ற நினைப்பது சட்டமாக இருந்தால்; மூன்றாவது பிரிவில் உள்ளவர்களை ஏற்க நம்பகமான சக நிபுணர் இருந்தால்; இரண்டு தோல்விகளையாவது தாங்கும் வருமான வழி இருந்தால்.

## பகுதிநேரச் சிகிச்சையோடு உள்ளாட்சி

பலரும் சின்னதாக நினைப்பது இதைத்தான். ஆனால் மனநலச் சேவை உண்மையில் நடப்பது உள்ளூர் நிர்வாகம் நடத்தும் மையங்களிலும் பள்ளிகளிலும் விடுதிகளிலும்தான். இதற்கு இத்தாலியை விடத் தெளிவான உதாரணம் இல்லை. அங்கே மனநலக் காப்பகங்கள் மாகாண நிர்வாகங்களின் கையில் இருந்தன. ட்ரியெஸ்டே மாகாணத் தலைவர் மிக்கேலே சனெத்தி, 1971இல் மனநல மருத்துவர் ஃப்ராங்கோ பசாலியாவைக் காப்பகத்தின் இயக்குநராக அழைத்து வந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அடைபட்டிருந்த அந்த இடம் ஒன்பது ஆண்டுகளுக்குள் காப்பகமாக இல்லாமல் போனது. நகரத்தில் சமூக மனநல மையங்கள் எழுந்தன. சனெத்தி மனநல மருத்துவர் கிடையாது. சரியான உள்ளூர்ப் பதவியில் உட்கார்ந்திருந்தவர், யாரை நியமிப்பது என்று தெரிந்தவர்.

இந்த வழியின் விலை வேறு மாதிரி. உள்ளூர்ப் பதவி என்றால் உள்ளூர் முகங்கள். வீடு வீடாக ஓட்டுக் கேட்கப் போகும்போது கதவைத் திறப்பவர் உங்கள் நோயாளியாக இருக்கலாம். அவர் மனைவிக்கு அது தெரியாமல் இருக்கலாம். இதற்கு நடைமுறைத் தீர்வு உண்டு. எந்தத் தெருவுக்கு நீங்களே போவது, எந்தத் தெருவுக்குத் தொண்டர்கள் மட்டும் போவது என்று நீங்கள் ஒருவரே தீர்மானியுங்கள். காரணம் எவரிடமும் சொல்லவேண்டாம். ஒரே ஒரு வீட்டை விட்டால் அந்த வீடு கவனத்துக்கு வரும். ஆகவே தெருத் தெருவாக விடுங்கள், சம்பந்தமில்லாத ஒன்றிரண்டு தெருக்களையும் சேர்த்து விடுங்கள். எதிர்பாராமல் நேருக்கு நேர் சந்தித்தால், அவர் முதலில் பேசும்வரை முன்பின் தெரியாதவரிடம் பேசுவதைப் போலவே பேசவேண்டும். இந்த விதியை நோயாளிகளிடம் முன்பே சொல்லி வைத்திருக்கவேண்டும். இல்லையென்றால் "டாக்டர் என்னைத் தெரியாத மாதிரி இருந்தார்" என்பது புதிய காயமாகும்.

பதவிக்கு வந்த பிறகும் உரசல் நிற்காது. வீட்டுவரி, தண்ணீர், உதவித்தொகை என்று ஒரு மனுவோடு உங்கள் நோயாளியே வருவார். அந்த மனுவை வேறொரு உறுப்பினரிடம் அனுப்பும் வழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளவேண்டும். மறுபக்கம், பதவியின் பேரில் பார்க்க வருபவர்கள் மனக்கஷ்டத்தைச் சொல்லி அழுவார்கள். அவர்கள் உங்கள் நோயாளிகள் அல்ல. மருந்துச் சீட்டு எழுதவோ நோயின் பெயர் சொல்லவோ கூடாது. தற்கொலை ஆபத்து தெரிந்தால் மட்டும் எந்தக் குடிமகனும் செய்யவேண்டியதைச் செய்து, அவசரச் சேவையோடு அவரை இணைத்துவிடுங்கள். மேசையில் நான்கைந்து சிகிச்சை இடங்களின் பெயரும் எண்ணும் உள்ள ஒரு தாள் இருக்கட்டும். உங்கள் சொந்தக் கிளினிக் அந்தத் தாளில் இருக்கக்கூடாது.

இன்னொன்றை உறுதியாகச் சொல்வோம். மக்கள் பிரதிநிதியாக இருந்துகொண்டு ஒருவரைக் கட்டாயமாக மனநல மருத்துவமனையில் சேர்க்கும் சான்றிதழில் கையெழுத்துப் போடக்கூடாது. நீதிமன்றத்துக்கு மனநிலை அறிக்கை எழுதவும் கூடாது. சட்டம் அனுமதித்தாலும் கூடாது. சோவியத் ஒன்றியத்தில் அரசை எதிர்த்தவர்களுக்கு மனச்சிதைவு முத்திரை குத்தி அடைத்த வரலாறு இருக்கிறது. உலக மனநலச் சங்கம் 1977இல் அதைக் கண்டித்தது. வெளியேற்றப்படும் நிலை வந்ததும் சோவியத் சங்கம் 1983இல் தானே விலகிக்கொண்டது. அரசியல் அதிகாரமும் அடைக்கும் பேனாவும் ஒரே கையில் இருந்தால், நீங்கள் எவ்வளவு நேர்மையாகக் கையெழுத்திட்டாலும் அடைக்கப்பட்டவரின் குடும்பம் அதை நம்ப வழியில்லை.

நோயாளி எண்ணிக்கையை முன்பு இருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைக்கவேண்டாம் என்பது எங்கள் கணிப்பு. புதிதாக எடுப்பவர்கள் தொகுதிக்கு வெளியே இருந்து வரட்டும். மூன்றாவது பிரிவைச் சேர்ந்த யாரையும் புதிதாக ஏற்கவேண்டாம். மன்றக் கூட்டம் இரவு வரை நீளும் நாளில் அவர்களின் அழைப்பை எடுக்க உங்களால் முடியாது.

## தொழிலை நடத்திக்கொண்டே பெரிய தேர்தல்

ஆசை காட்டும் வழி. வருமானமும் நிற்காது, மக்களிடம் "இன்னமும் சேவை செய்கிறேன்" என்றும் சொல்லலாம். நாங்கள் இதைப் பரிந்துரைக்க மாட்டோம். நேரம் போதாது என்பது மட்டும் காரணம் இல்லை. தொலைக்காட்சி விவாதத்தில் நீங்கள் ஆவேசப்பட்டதை முந்தைய இரவு பார்த்துவிட்டு மறுநாள் காலை உங்கள் எதிரில் வந்து உட்காருபவர், எதிர்க்கட்சிக்காரராக இருக்கலாம். அவர் இனி தன் வீட்டுச் சண்டையைச் சொல்லும்போதுகூட வார்த்தையைப் பொறுக்கிச் சொல்வார். அல்லது உங்களைப் பிடித்துப்போய், தன் பிரச்சினையை விட்டுவிட்டு உங்கள் பிரசாரத்தைப் பற்றியே பேசுவார். சிகிச்சை நேரம் அவருடையதாக இல்லாமல் போய்விடும், கட்டணம் மட்டும் அவர் கொடுப்பார்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. பொதுச் சுகாதார அமைப்பில், தொகுதிக்கு வெளியே, ஷிஃப்ட் கணக்கில் வேலை செய்பவர். பிரிட்டனின் டான் பௌல்ட்டர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்துகொண்டே பகுதிநேரமாக மனநல மருத்துவராகவும் வேலை பார்த்தார். 2024 ஏப்ரலில் கன்சர்வேட்டிவ் கட்சியிலிருந்து தொழிற்கட்சிக்கு மாறியபோது, மருத்துவமனையில் நேரில் பார்த்த நிலைமையையே காரணமாகச் சொன்னார். அத்தகைய வேலையில் நோயாளி உங்களை நம்பி மட்டும் இல்லை, ஒரு குழுவை நம்பி இருக்கிறார். நீங்கள் வராத நாளில் வேறொருவர் பார்ப்பார். தனிக் கிளினிக்கில் அந்தப் பின்பலம் கிடையாது.

அரசுப் பணியில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்தத் தேர்வே இல்லை. இந்தியாவில் மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964இன் 5ஆவது விதி தேர்தலில் பங்கெடுப்பதைத் தடுக்கிறது. அமெரிக்காவில் 1939ஆம் ஆண்டின் ஹாட்ச் சட்டப்படி கூட்டாட்சி ஊழியர்கள் கட்சி சார்ந்த தேர்தலில் வேட்பாளராக முடியாது. ராஜினாமா ஏற்கப்பட்ட தேதியும் மனுத்தாக்கல் தேதியும் முன்பின்னாகிவிட்டால் மனுவே தள்ளுபடியாகலாம். ராஜினாமாக் கடிதம் கொடுத்த தேதியை நம்பாமல், ஏற்கப்பட்ட ஆணையைக் கையில் வாங்குங்கள்.

## வேட்பாளராகாமல் சட்டத்துக்குள் கை வைப்பது

இத்தாலியின் கதையில் இன்னொரு பாதியும் இருக்கிறது. காப்பகங்களை மூட வழிசெய்து 1978 மே 13 அன்று வந்த 180ஆம் எண் சட்டம் பசாலியாவின் பெயரால் அறியப்படுகிறது. ஆனால் அவர் நாடாளுமன்ற உறுப்பினர் இல்லை. மசோதாவை வடிவமைத்து அவையில் நகர்த்தியவர் புருனோ ஓர்சினி, கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்காரர், அவரும் மனநல மருத்துவர். வெளியே இருந்து செய்து காட்டியவர் ஒருவர், உள்ளே இருந்து எழுதியவர் இன்னொருவர். காப்பகத்தைத் திறந்துவிட்டாலும் நகரம் இடிந்துபோகாது என்று ட்ரியெஸ்டேயில் காட்டியிராவிட்டால், ஓர்சினியின் கையில் வாதம் இருந்திருக்காது.

இந்த வழியில் செய்யக்கூடியவை பல. மசோதா வரும்போது நிலைக்குழுவுக்கு எழுத்துமூலக் கருத்து அனுப்புவது, உறுப்பினர்களுக்கு விஷயத்தை விளக்குவது, கட்சிகளின் தேர்தல் அறிக்கைக்கு மனநலப் பகுதியை எழுதித் தருவது. பட்ஜெட்டைப் படிப்பதும் இதில் சேரும்: ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று இரண்டு வரிகளை ஒப்பிட்டாலே பாதிக் கேள்விகள் கிடைத்துவிடும். குழுவுக்குக் கொடுக்கும் குறிப்பு இரண்டு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. முதல் பத்தியிலேயே எந்தப் பிரிவு, எந்த வார்த்தை, அதற்குப் பதில் எந்த வார்த்தை என்று இருக்கவேண்டும். "மனநலத்துக்கு முக்கியத்துவம் தரவேண்டும்" என்று தொடங்கும் குறிப்பை வைத்து யாராலும் திருத்தம் கொண்டுவர முடியாது.

இதன் மறைசெலவு மனத்தளவிலானது. உங்கள் வாக்கியம் வேறொருவர் பெயரில் நிறைவேறும். பாதி வெட்டப்பட்டு நிறைவேறும். ஆட்சி மாறினால் பழகிய கதவுகள் மூடும். ஆகையால் ஒரே கட்சியோடு ஒட்டிக்கொள்ளாமல், எல்லாத் தரப்புக்கும் ஒரே குறிப்பைத் தருவது நல்லது. மூன்றாவது பிரிவில் நோயாளிகள் அதிகம் உள்ளவர்களுக்கும், அந்த வட்டாரத்தில் தன்னைத் தவிர வேறு மனநல நிபுணரே இல்லாதவர்களுக்கும் இதுதான் சரி. தான் நிறுத்தினால் ஐம்பது மைல் சுற்றளவில் சிகிச்சையே இல்லை என்றால், வேட்பாளராவதன் முதல் விளைவு நீங்கள் எதற்காகப் போராடுகிறீர்களோ அந்தச் சேவையைக் குறைப்பதாகிவிடும்.

## எந்த வழியானாலும் வாயில் வரக்கூடாதவை

எதிர் வேட்பாளரின் மனநிலையைப் பற்றிக் கருத்துச் சொல்லாதீர்கள். 1964 அமெரிக்கத் தேர்தலின்போது ஒரு பத்திரிகை, பேரி கோல்ட்வாட்டர் அதிபர் பதவிக்கு மனத்தகுதி உள்ளவரா என்று 12,356 மனநல மருத்துவர்களிடம் கேட்டது. 2,417 பேர் பதில் எழுதினார்கள். அவர்களில் 1,189 பேர், நேரில் ஒருமுறைகூடப் பரிசோதிக்காமலே, தகுதியில்லை என்றார்கள். கோல்ட்வாட்டர் வழக்கு போட்டு 75,000 டாலர் தண்டனை இழப்பீடு பெற்றார். 1973இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம், பரிசோதிக்காமலும் சம்மதம் பெறாமலும் பொது மனிதர்களைப் பற்றித் தொழில்முறைக் கருத்துச் சொல்லக்கூடாது என்று விதி கொண்டுவந்தது. அந்தச் சங்கத்தில் இல்லாதவரை அந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனால் நியாயம் எல்லோருக்கும் ஒன்றுதான். "அவர் ஒரு நாசிசிஸ்ட்" (தற்காதல் ஆளுமைக் கோளாறு உள்ளவர்) என்று மேடையில் நீங்கள் சொன்னால், அந்த நோயறிதலோடு வாழும் உங்கள் நோயாளிக்கு அது வசவாகக் கேட்கும்.

"மனங்களைப் படித்தவன், ஆகவே உங்களைப் புரிந்தவன்" என்ற கோஷத்தையும் விட்டுவிடுங்கள். போஸ்னியாவில் இனப்படுகொலைக் குற்றத்துக்காக 2016இல் தண்டிக்கப்பட்ட செர்பிய அரசியல் தலைவர் ரடோவான் கராட்ஜிச்சும் மனநல மருத்துவர்தான். பட்டம் நல்ல அரசியலுக்கு உத்தரவாதம் தராது. உங்கள் திட்டத்தைச் சொல்லுங்கள்.

உங்களுக்கே சிகிச்சை வரலாறு இருந்தால், அதைச் சொல்வதா வேண்டாமா என்பதை மனுத்தாக்கலுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். 1972இல் அமெரிக்காவின் தாமஸ் ஈகிள்டன், மின்னதிர்ச்சிச் சிகிச்சை பெற்றதைப் பத்திரிகையாளர்கள் கண்டுபிடித்த பிறகே வெளியே சொன்னார்; துணை அதிபர் வேட்பாளர் இடத்திலிருந்து விலக நேர்ந்தது. 1998இல் நார்வே பிரதமர் ஷெல் மாக்னே போன்டெவிக் மனச்சோர்வுக்காக விடுப்பு எடுப்பதைத் தானே அறிவித்தார். 2001இல் மறுபடி பிரதமரானார். காலமும் நாடும் வேறு என்பது உண்மைதான். ஆனாலும் யார் முதலில் சொல்கிறார் என்பது பெரிய வித்தியாசம் செய்கிறது.

## கைமாற்றமும் திரும்புதலும்

ஒவ்வொரு நோயாளிக்கும் நேரில் சொல்லுங்கள், ஒரு முழு அமர்வு அதற்கு ஒதுக்குங்கள். அமர்வின் கடைசி ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டு எழுந்துவிடக்கூடாது. அடுத்துப் பார்க்கக் குறைந்தது இரண்டு நிபுணர்களின் பெயரைத் தரவேண்டும். ஒன்று மட்டும் தந்தால் அது தேர்வு ஆகாது. மருந்தில் இருப்பவர்களுக்கு, புதிய மருத்துவரைப் பார்க்கும் தேதிக்குப் பிறகும் இரண்டு வாரம் வரும்படி சீட்டு எழுதுங்கள்; கையிருப்பே ஆபத்தாகக்கூடியவர் என்றால் அதைக் குடும்பத்தினர் கையில் கொடுக்க அவரிடம் சம்மதம் கேளுங்கள். புதியவரை அவர் உண்மையில் போய்ப் பார்த்தாரா என்று உறுதி செய்த பிறகுதான் அந்தப் பெயரை நோட்டில் அடிக்கவேண்டும். போகாதவர்களைத் தேடிப் பேசும் வேலை கடைசி மாதத்தைத் தின்றுவிடும். அதற்கு இடம் விட்டுத் தேதி குறியுங்கள்.

தோற்றுத் திரும்பி வந்தால், மாற்றி அனுப்பியவர்களை நீங்களாக அழைக்காதீர்கள். புதிய நிபுணரோடு பலருக்கும் இப்போதுதான் நம்பிக்கை கூடியிருக்கும். தானாக வருபவரிடம், அவர் இப்போது பார்க்கும் நிபுணரோடு ஒருமுறை பேசிவிட்டு வரச் சொல்லுங்கள். தேர்தல் போஸ்டர், கட்சிக் கொடி, மேடைப் புகைப்படம் எதுவும் காத்திருப்பு அறையில் வேண்டாம். முதல் அமர்வில் ஒவ்வொருவரிடமும் நேராகவே கேளுங்கள்: "நான் தேர்தலில் நின்றது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இங்கே பேசுவதில் அது தடையாக இருக்குமா?" ஆம் என்றால், அன்றைக்கே வேறொருவரிடம் அனுப்ப இரண்டு பெயர்கள் தயாராக இருக்கட்டும்.